சென்னையிற் கண்ட கரிய கோள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பல இலட்சம் சிறு கோள்கள் கதிரவனைச் சுற்றி வருகின்றன. அவற்றுட் பெரியவை சிலவே. அச்சிலவற்றுள் ஒன்றாகிய சில்வியா, நம் சென்னையிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி.

நுங்கம்பாக்கத்தில் 1792 ஆம் ஆண்டில் ஒரு வான ஆய்வுக்கூடம் எழுந்தது. அதன் தலைமைப் பொறுப்பை 1861 இல் ஏற்றவர் நார்மன் போக்சன் என்னும் ஆங்கிலேயர். விண்மீன்கள் தமக்குள் இடம் மாறுவதாகத் தோன்றுவதில்லை. கோள்களோ அவற்றினூடே நகர்ந்து செல்வன. ஆதலின், வான்படத்தில் இல்லாத ஒளிப்புள்ளி ஒன்று தென்பட்டால் மறுநாள் இரவும் அதனைத் தேடிப் பார்த்தல் வேண்டும். இடம் பெயர்ந்திருப்பின் அது கோளே. கண்ணையும் பொறுமையையும் ஒருங்கே சோதிக்கும் வேலை இது! 1866 மே 16 அன்று போக்சன் சில்வியாவைக் கண்டார். சிறு கோள்களின் வரிசையில் அதன் எண் 87.

சில்வியா கரியைப் போன்று இருண்டது. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்களவே அது திருப்பி அனுப்புகிறது. கரிப்பொருள் மிகுந்த பழம்பாறை அதன் மேற்பரப்பில் உள்ளதென்பர் அறிஞர். அதன் சராசரிக் குறுக்களவு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். கதிரவனிலிருந்து சுமார் 52 கோடி கிலோமீட்டர் தொலைவில் உலவும் அது, ஒருமுறை சுற்றி வர ஆறரை ஆண்டு ஆகிறது.

இத்துணைத் தொலைவிலுள்ள பொருளை எந்தத் தராசில் இட்டு நிறுப்பது? அதற்கொரு துணைக்கோள் இருந்தாற் போதும். கோளின் நிறை மிகுந்தால் ஈர்ப்பும் மிகும். குறித்த தொலைவிலுள்ள துணைக்கோளும் அதற்கேற்ப விரைந்து சுற்றும். ஆகவே, சுற்றின் தொலைவும் காலமும் தெரிந்தால் கோளின் நிறையைக் கணக்கிட்டுவிடலாம்.

2001 இல் ஹவாயிலுள்ள பெருந்தொலைநோக்கி சில்வியாவின் துணைக்கோள் ஒன்றைக் காட்டியது. 2004 இல் சிலி நாட்டுத் தொலைநோக்கி மற்றொன்றையும் காட்டியது. இரு துணைக்கோள்கள் உடையதென முதன்முதல் அறியப்பட்ட சிறு கோள் இதுவே. உரோமாபுரிக் கதையில் வரும் சில்வியாவின் இரட்டைப் புதல்வர் பெயர்களாகிய ரோமுலஸ், ரீமஸ் என்பனவற்றையே அவற்றிற்குச் சூட்டினர். பெயரிட்டோர் பொருத்தம் அறிந்தவரே!

ரோமுலஸ் சுமார் 1,350 கிலோமீட்டர் தொலைவில் நின்று, நான்கு நாளுக்குள் ஒரு சுற்றை முடிக்கிறது. இதனைக்கொண்டு கணக்கிட்டபோது வியப்பான உண்மை வெளிப்பட்டது. சில்வியாவின் அடர்த்தி நீரினும் சிறிதே மிகுதி! திண்ணிய பாறையாயின் நீரைப்போல் இரு மடங்குக்கு மேலாவது இருத்தல் வேண்டும். எனவே, அதன் உள்ளே வெற்றிடங்களோ பனிக்கட்டியோ, அன்றி இரண்டுமோ, பெருமளவில் இருத்தல் வேண்டும். பண்டொரு நாள் பெரிய மோதலில் சிதறிய துண்டுகள் ஈர்ப்பினால் மீண்டும் ஒன்றுகூடி இக்கோள் உருவாயிற்று என்றும், கூடாமல் எஞ்சியவையே அவ்விரு துணைக்கோள்கள் என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர்.