இனிஷியலுக்கு ஒரு ட்யூன்!

நமக்கெல்லாம் இனிஷியல் அப்பா கொடுத்தது. அமெரிக்காவில் ஒருவருக்கு அவர் வாசித்த ட்யூன் கொடுத்தது. ஆர்தர் 'கிடார் பூகி' ஸ்மித்!

ஸ்மித் என்பது அந்த ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பேர். அதிலும் ஆர்தர் ஸ்மித் என்றே இன்னொருத்தர் ஏற்கெனவே டென்னஸி பக்கம் பிடில் வாசித்துப் பிரபலமாகியிருந்தார். அவர் 'பிடில்' ஸ்மித். அப்போ இவர்? 1945-ல் இவர் கிடாரில் ஒரு ட்யூன் வாசித்தார். ட்யூன் பேர் 'கிடார் பூகி'. ஜனங்கள் அதையே தூக்கி இவர் பேருக்கு நடுவில் செருகிவிட்டார்கள். சாகிற வரைக்கும் அது கழன்று விழவில்லை.

எல்விஸ் என்றால் தலையாட்டுகிறவர்கள், பீட்டில்ஸ் என்றால் கண் மலர்கிறவர்கள் எத்தனையோ பேரிடம் நான் இந்த மனுஷனைப் பற்றிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "யாரு, பூகியா?" என்று சிரிக்கிறார்கள். வீட்டில் நான் அந்த ட்யூனைப் போட்டாலே "ஆரம்பிச்சாச்சா?" என்கிறார்கள். அதனால் இந்த வாரம் உங்களைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பூகி என்றால் என்ன?

அது பியானோவில் பிறந்த குழந்தை. இடது கை கீழ் ஸ்வரங்களில் ஒரு வட்டத்துக்கு எட்டு அடி என்று கூட்ஸ் வண்டி மாதிரி விடாமல் ஓடும். வலது கை அதன் மேல் உட்கார்ந்துகொண்டு இஷ்டத்துக்கு விளையாடும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், மரம் வெட்டுகிற முகாம்களிலும் சாராயக் கடைகளிலும், கறுப்பினக் கலைஞர்கள் ஓட்டைப் பியானோக்களில் வாசித்து வாசித்து வளர்த்த சங்கதி இது. நாள் முழுக்க உழைத்துக் களைத்தவனையும் எழுந்து ஆட வைக்க வேண்டும். அதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே பரீட்சை.

1928 டிசம்பரில் சிகாகோவில் ஒருவர் வாசித்த இசைத்தட்டுதான் 'பூகி வூகி' என்ற பேரை ஊரெல்லாம் பரப்பியது. அவர் பேர் பைன்டாப் ஸ்மித். ஆமாம் சார், அவரும் ஸ்மித்துதான்! அடுத்த மார்ச்சிலேயே ஒரு நடன ஹாலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து செத்துப்போனார். வயசு 24. பத்து வருஷம் கழித்து, 1938-ல், டாமி டார்ஸி என்ற பேண்டு மாஸ்டர் அதே சரக்கைப் பெரிய கோஷ்டியோடு வாசிக்க, அது சக்கைப் போடு போட்டது. பார்க்க பைன்டாப் இல்லை.

இந்த ஸ்மித்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேண்டியிருக்கும்.

* * *

நம்ம ஸ்மித்துக்கு வருவோம். ஆர்தர் பிறந்தது 1921 ஏப்ரல் முதல் தேதி, சவுத் கரோலினாவில் க்ளின்ட்டன் என்ற சின்ன ஊரில். அப்பாவுக்கு நெசவாலையில் வேலை. பேண்டு மாஸ்டர் உத்தியோகமும் சேர்த்துப் பார்த்தார். பையன் முதலில் ஊதியது டிரம்பெட்! கூடப் பிறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ரேடியோவில் ஜாஸ் வாசித்தார். பட்டினிதான் மிச்சம்.

ஒரு வெள்ளிக்கிழமை டிரம்பெட், க்ளாரினெட், டிராம்போன் எல்லாவற்றையும் கீழே போட்டார்கள். பிடிலையும் அக்கார்டியனையும் கிடாரையும் கையில் எடுத்தார்கள். திங்கட்கிழமை அதே ரேடியோவில் அதே ஆட்கள் 'கரோலினா க்ராக்கர்ஜாக்ஸ்' என்ற புதுப் பேரில் நாட்டுப்புற இசைக் கோஷ்டியாக வந்து நின்றார்கள். ஆர்தரே பிற்பாடு சொன்ன கதை இது. பசி மாதிரி ஒரு பாட்டு வாத்தியார் கிடையாது!

ஆனால் காதில் ஏறின ஜாஸ் இறங்கவில்லை. நாட்டுப்புறக் கிடாரில் பூகியைப் புகுத்தும் யோசனை அவருக்கு வந்ததில் ஆச்சரியமே இல்லை. இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்குப் போனார். அங்கேயும் பேண்டுதான். 1945-ல் 'சூப்பர் டிஸ்க்' என்ற சின்னக் கம்பெனிக்கு 'கிடார் பூகி'யைப் பதிவு செய்தார்கள். 1948-ல் எம்.ஜி.எம். கம்பெனி அதை மறுபடி வெளியிட்டபோது நாட்டுப்புற ஹிட் வரிசையில் முதல் பத்துக்குள் வந்தது. மொத்தம் 30 லட்சம் தட்டு போல விற்றதாகச் சொல்கிறார்கள்.

அப்படி என்ன இருக்கிறது அதில்?

மூன்றே ஆள். ட்ரம்ஸ் கிடையாது. பாட்டு வரி கிடையாது. பியானோக்காரரின் இடது கை செய்கிற வேலையை ஆர்தர் கிடாரின் தடித்த தந்திகளில் செய்கிறார். ஸ்வரங்கள் படியேறுகின்றன, இறங்குகின்றன. 12 வட்டம் முடிந்ததும் மறுபடி முதல் படி. மொத்தம் மூன்றே கார்ட். கிடார் கற்கத் தொடங்கி ஆறு மாசமான பையன்கூட 'அட, இவ்வளவுதானே' என்பான். அங்கேதான் மாட்டிக்கொள்வான். ஏனென்றால், ஆர்தர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புது விஷயத்தைச் சொல்கிறார். ஒரு சுற்றில் கீழ்த் தந்தியில் நடை. அடுத்ததில் மேல்தந்தியில் துள்ளல். ஓட்டம் நிற்கவே நிற்காது. ஆனாலும் மனுஷன் மூச்சு வாங்குகிற மாதிரியே தெரியவில்லை. மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. முடிந்ததும் என் கால் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

'அங்கேதான் மாட்டிக்கொள்வான்' என்றேனே, சாட்சி இருக்கிறது. 1957 அக்டோபர் 18. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரம், நியூ க்ளப்மூர் ஹால். 'குவாரிமென்' என்ற பையன்கள் கோஷ்டியில் 15 வயசுப் பையன் ஒருத்தனுக்கு அன்றைக்கு முதல் மேடை. அவன் தனியாக வாசிக்க வேண்டிய அயிட்டம் 'கிடார் பூகி'. நேரம் வந்தது. பதற்றத்தில் விரல் பிசகியது. ஒரே சொதப்பல். லீட் கிடார் ஆசையே அன்றைக்கு விட்டுப்போச்சு என்று பின்னால் அவனே சொல்லியிருக்கிறான்.

பையன் பேர்? பால் மெக்கார்ட்னி!

அடுத்த வருஷம் லீட் கிடாருக்கு ஜார்ஜ் ஹாரிசன் வந்தார். பால் பிற்பாடு பேஸ் கிடாருக்குப் போனார். அதுதான் பீட்டில்ஸ். அன்றைக்கு அந்த விரல் பிசகாமல் இருந்திருந்தால்..? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1959-ல் 'விர்ச்சூஸ்' என்ற அமெரிக்கக் கோஷ்டி இதே ட்யூனுக்கு ராக் தாளம் சேர்த்து 'கிடார் பூகி ஷஃபிள்' என்று வாசித்து ஹிட்டாக்கியது. அதே வருஷம் இங்கிலாந்தில் பெர்ட் வீடன் வாசித்தார். ஒரு பிரிட்டிஷ் கிடார்காரர் தனியாக அந்நாட்டு முதல் பத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. ட்யூன் இப்படி உலகம் சுற்றிக்கொண்டிருக்க, ஆர்தர் நார்த் கரோலினாவின் சார்லட் நகரில் ரேடியோ, டி.வி. நிகழ்ச்சி என்று நிம்மதியாக இருந்தார். சொந்தமாக ஒரு ரிக்கார்டிங் ஸ்டூடியோவும் வைத்தார். 1965-ல் ஜேம்ஸ் பிரவுன் தன் புகழ்பெற்ற 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' பாட்டைப் பதிவு செய்தது அங்கேதான்.

* * *

நிம்மதிக்கு வேட்டு வைக்க வந்தது இன்னொரு ட்யூன்.

1955-ல் ஆர்தரும் டான் ரெனோ என்ற கலைஞரும் சேர்ந்து 'ஃப்யூடின் பான்ஜோஸ்' என்று ஒன்று வாசித்தார்கள். நாலு தந்தி பான்ஜோவும் ஐந்து தந்தி பான்ஜோவும் குழாயடியில் நிற்கிற மாதிரி மாறி மாறி வம்பிழுக்கும். ஒன்று கேட்கும், இன்னொன்று பதிலடி கொடுக்கும். ஆர்தர் இயற்றியது.

1972-ல் 'டெலிவரன்ஸ்' என்ற ஹாலிவுட் படம் வந்தது. அதில் பட்டணத்து ஆசாமி கிடாரோடும் கிராமத்துப் பையன் பான்ஜோவோடும் போட்டி போடுகிற காட்சி பிரமாதமாகப் பேசப்பட்டது. 'டூயலிங் பான்ஜோஸ்' என்ற பேரில் அந்த இசைத்தட்டு 1973-ல் அமெரிக்க ஹிட் வரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ட்யூன்? அதே பான்ஜோ சண்டைதான். இயற்றியவர் பேர் மட்டும் காணோம்!

'நம்ம ட்யூன் இவ்வளவு தூரம் போயிருக்கே' என்று சந்தோஷப்பட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆர்தர் இருக்கவில்லை. வார்னர் பிரதர்ஸ் என்ற மலையின் மேல் வழக்குப் போட்டார். ஜெயித்தார். இயற்றியவர் என்று பேரும் வந்தது, ராயல்ட்டியும் வந்தது.

இந்த இடத்தில் நான் கைதட்டுவேன். கையோடு அந்தப் பழைய ஸ்மித்தையும் நினைத்துக்கொள்வேன். ஆர்தருக்கு ஆயுசு இருந்தது, சொந்த ஸ்டூடியோ இருந்தது, கோர்ட்டுக்குப் போகத் தெம்பு இருந்தது. பைன்டாப்புக்கு இசைத்தட்டு வந்தபின் மூன்று மாசம்கூட இல்லை. அவருக்கும் முன்னால் மர முகாம்களில் வாசித்தவர்களில் பலருக்குப் பேரே மிஞ்சவில்லை. 'கிடார் பூகி'யில் கிடார் ஆர்தருடையது. பூகி அவர்களுடையது. இதைச் சொல்வதால் ஆர்தரின் பெருமை ஒரு இம்மிகூடக் குறையாது. தன் பேருக்காகக் கோர்ட் ஏறிய மனுஷனைப் பாராட்டுகிற வாய், மற்றவர்கள் பேரையும் சொல்ல வேண்டாமா?

ஆர்தர் ஸ்மித் 2014 ஏப்ரல் 3-ம் தேதி சார்லட்டில் காலமானார். 93 வயசு நிரம்பி இரண்டே நாள். அவர் ட்யூன் செல்போனில் தேடினால் உடனே வந்துவிடுகிறது. கேளுங்கள். முதலில் 1928 பைன்டாப், அப்புறம் 1945 ஆர்தர், இந்த வரிசையில் கேட்டால் விசேஷம். இடது கை எப்படிக் கிடார் தந்திக்குக் குடிபோனது என்று காதே சொல்லிவிடும்.

பக்கத்தில் இருப்பவர், "நல்லா இருக்கே, யாருதுங்க?" என்று கட்டாயம் கேட்பார். "ஸ்மித்" என்று சொல்லுங்கள். "எந்த ஸ்மித்?" என்று கேட்டால், "ரெண்டு பேருமே!"