உங்களுக்குத் தெரியுமா? கடிகாரத்துக்கும் விமான டிக்கெட்!

1971 அக்டோபரில் நான்கு சீசியம் அணுக்கடிகாரங்கள் சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஏறி உலகை இரண்டு முறை சுற்றி வந்தன. முதலில் கிழக்கு நோக்கி, பிறகு மேற்கு நோக்கி. கூடவே போனவர்கள் இயற்பியலாளர் ஜோசப் ஹாஃபலேயும் வானியலாளர் ரிச்சர்ட் கீட்டிங்கும். கடிகாரங்களுக்கும் இருக்கை வேண்டுமே! 'மிஸ்டர் கிளாக்' என்ற பெயரில் டிக்கெட் போட்டார்களாம்.

வேகமாக நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும்; ஈர்ப்பு குறைந்த உயரத்தில் சற்று வேகம் பிடிக்கும். இது ஐன்ஸ்டைனின் சார்பியல் கணக்கு. திரும்பி வந்ததும் வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படை வானாய்வகக் கடிகாரங்களோடு ஒப்பிட்டார்கள். கிழக்குச் சுற்றில் சுமார் 59 நானோ நொடி பின்தங்கியிருந்தன. மேற்குச் சுற்றிலோ 273 நானோ நொடி முந்தியிருந்தன. (ஒரு நொடியை நூறு கோடியாகக் கூறுபோட்டால் ஒரு கூறுதான் நானோ நொடி.)

திசைக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை? கிழக்கே பறந்தால் பூமியின் சுழற்சியும் விமானத்தின் வேகத்தோடு சேர்ந்துகொள்கிறது. மேற்கே பறந்தால் கழிந்துபோகிறது.

மொத்தச் செலவு சுமார் 8,000 டாலர்தான். அதிலும் பெரும்பகுதி டிக்கெட்டுக்கே போனது. சார்பியலை இவ்வளவு மலிவாகச் சோதித்தவர்கள் அரிது.