ஆழ்கடல் வேலை – 17: ஊர் கூடாத நாளில் ஒரு கப்பல்

சென்ற வாரம் நீர்மூழ்கியின் சமையல்கட்டைப் பார்த்தோம். இந்த வாரம் கரையேறுவோம்.

அமெரிக்காவில் ஒரு நீர்மூழ்கியைக் கட்ட 250 கோடி டாலருக்கு மேல் ஆகிறது. அதை அரசாங்கம் கொடுக்கிறது. ஆனால் கப்பல் முறைப்படி பணியில் சேரும் நாளில், மாலுமிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் விருந்து போடும் செலவு பெரும்பாலும் ஊர்க்காரர்களுடையது. மேடை, அணிவகுப்பு, பாண்டு வாத்தியம் கடற்படையின் பொறுப்பு. அதைச் சுற்றி நடக்கும் வரவேற்புகள், நினைவுப் பரிசுகள் எல்லாம் நன்கொடையில்தான் நடக்கும். சீருடை போட்டவர்கள் இதற்காகக் கை நீட்டிக் காசு வாங்க முடியாது. அதனால் கப்பலுக்குப் பெயர் கொடுத்த மாநிலத்தில் ஒரு குழு கூடிவிடும். ஓய்வுபெற்ற கடற்படைக்காரர்கள், உள்ளூர் வியாபாரிகள், விஷயம் தெரிந்த நாலு பேர். கோயில் கொடைக்கு வரி பிரிக்கிற அதே ஜோர்.

இது புதிய பழக்கம் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பு மாநிலங்கள் தங்கள் பெயர் தாங்கிய போர்க்கப்பல்களுக்கு வெள்ளிப் பாத்திரங்களைச் சீராகக் கொடுத்தன. இன்றைய நீர்மூழ்கியில் பெரிய வெள்ளிக் குடத்தை எங்கே வைப்பது? 377 அடி நீளக் குழாய்க்குள் 130 பேருக்கு மேல் இருக்கிறார்கள். அதனால் சீர் உருமாறிவிட்டது. சாப்பாட்டு அறைச் சுவரில் ஊர்ப் படங்கள் வந்தன. மாலுமிகளை அந்த மாநிலத்துக்கே அழைத்துப் பள்ளிப் பிள்ளைகளைச் சந்திக்க வைக்கிறார்கள். சில குழுக்கள் மிஞ்சிய பணத்தை மாலுமிகளின், அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகையாக வைத்துவிடுகின்றன.

டெலவேரின் கதையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும்.

டெலவேர் சின்ன மாநிலம். மக்கள்தொகை சுமார் 10 லட்சம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அதற்கு ஒரே ஓர் உறுப்பினர். அதன் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் 1910 ஏப்ரல் 4 அன்று பணியில் சேர்ந்து, முதல் உலகப் போரைப் பார்த்துவிட்டு, 1923-ல் ஓய்வுபெற்றது. போர்க்கப்பல்களைக் குறைப்பதென்று வல்லரசுகள் செய்துகொண்ட வாஷிங்டன் ஒப்பந்தத்தால் அதை உடைத்துவிட்டார்கள். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2012-ல், கடற்படைச் செயலராக இருந்த ரே மேபஸ் ஒரு புதிய நீர்மூழ்கிக்கு அந்தப் பெயரை அறிவித்தார். அடிக்கட்டை நாட்டும் சடங்கு 2016-ல் நடந்தது. டெலவேர்க்காரரான ஜில் பைடனின் பெயரெழுத்துகளை அப்போது உலோகத் தகட்டில் வெல்டிங் செய்து வைத்தார்கள். 2018 அக்டோபரில் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில் பாட்டிலை உடைத்துப் பெயர் சூட்டியவரும் அவரே. இப்படிப் பெயர் சூட்டுபவர் கப்பலுக்கு ஞானத்தாய் மாதிரி. அந்த உறவு கப்பலின் ஆயுள் முழுக்க நீடிக்கும்.

பணியில் சேர்க்கும் விழா டெலவேரின் வில்மிங்டனில் நடப்பதாக இருந்தது. வாழைப்பழ இறக்குமதிக்குப் பேர்போன துறைமுகம் அது. நீர்மூழ்கியின் சொந்தத் தளம் அங்கே இல்லை, கனெக்டிகட் மாநிலத்தின் கிராட்டனில் இருக்கிறது. ஊருக்குத் தலைகாட்ட மட்டுமே கப்பல் வரவேண்டும். இந்த விழாக்களில் ஒரு கட்டம் உண்டு: கப்பலுக்கு உயிர் கொடுங்கள் என்று ஞானத்தாய் ஆணையிட்டதும் மாலுமிகள் அத்தனை பேரும் ஓடிப்போய் ஏறுவார்கள். பெற்றோர் கண் கலங்குவது அந்த இடத்தில்தான்.

அந்த நேரம் பார்த்துக் கொரோனா வந்தது. தியோடர் ரூஸ்வெல்ட் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் தொற்று பரவி அமெரிக்கக் கடற்படையே ஆடிப்போயிருந்த நாட்கள். வில்மிங்டன் விழா ரத்தானது. 2020 ஏப்ரல் 4 அன்று, பழைய போர்க்கப்பல் சேர்ந்து சரியாக 110 ஆண்டுகள் கழித்து, டெலவேர் நீர்மூழ்கி கடலுக்கடியில் இருந்தபடியே பணியில் சேர்ந்ததாகக் கடற்படை அறிவித்தது. மூழ்கிய நிலையில் பணியில் சேர்ந்த முதல் அமெரிக்கக் கப்பல் அதுதான். கூட்டம் இல்லை, வாத்தியம் இல்லை. ஒரு நீர்மூழ்கிக்கு இதைவிடப் பொருத்தமான பிறப்பு உண்டா என்றுகூட எனக்குத் தோன்றியது.

ஊர் அப்படி நினைக்கவில்லை. ஈராண்டு பொறுத்திருந்து, 2022 ஏப்ரல் 2 அன்று வில்மிங்டனில் விழாவை நடத்தியே விட்டார்கள். அதற்குள் கப்பலின் தளபதி மாறியிருந்தார். ஞானத்தாயின் கணவரோ ஜனாதிபதி ஆகியிருந்தார். அந்த மாநிலத்தின் செனட்டராக 36 ஆண்டுகள் இருந்த ஜோ பைடன் மனைவியோடு வந்து பேசினார்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கப்பலுக்கு எதற்கு இன்னொரு விழா? மாலுமியின் வீட்டாரைக் கேட்டால் தெரியும். மகன் எங்கே போகிறான், எப்போது வருவான் என்று அவர்களால் கேட்க முடியாது. அவனாலும் சொல்ல முடியாது. அவன் வேலை செய்யும் கப்பலின் அருகில் போய் நிற்க அவர்களுக்கு வாய்க்கிற பெரிய நாள் இதுதான்.

ஆனால் எல்லாம் பாசம் என்று நம்பிவிட வேண்டாம். ஒரு காலத்தில் அமெரிக்கத் தாக்குதல் நீர்மூழ்கிகளுக்குப் பெரும்பாலும் மீன்களின் பெயர்களை வைத்தார்கள். 1970-களில் அது நகரங்களின் பெயர்களாக மாறியது. ஏன் என்று கேட்டதற்கு, அணுசக்திக் கடற்படையின் தந்தை ரிக்கோவர், ‘மீன்கள் ஓட்டுப் போடுவதில்லை’ என்றாராம். பெயர் வைத்தால் அந்த ஊர் எம்.பி. பட்ஜெட்டுக்குக் கை தூக்குவார் என்பது கணக்கு. மாநிலப் பெயர்களுக்கும் அதே கணக்கு பொருந்தும். ஊர் காட்டும் பெருமை பல கோடி டாலர் ஆயுதச் செலவுக்குச் சத்தமில்லாமல் முட்டுக் கொடுக்கிறது. நன்கொடைக் குழுவில் இருக்கிற நல்ல மனிதர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

என்னைக் கேட்டால், அந்தக் குழுக்கள் செய்வதில் உருப்படியானது உதவித்தொகைதான். விருந்து ஒரு நாளோடு போச்சு. கப்பலோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடும்; அதில் ஏறி இறங்கும் பிள்ளைகள் ஏராளம்.

அடுத்த வாரம் மாண்டானாவுக்குப் போவோம். அந்தப் பெயரில் திட்டமிட்ட இரண்டு பெரும் போர்க்கப்பல்களும் கடலையே பார்க்காமல் ரத்தாகின. கடைசியில் 2022-ல் அதற்கும் கிடைத்தது ஒரு நீர்மூழ்கிதான்.

(தொடரும்)