ரகசியம் ஏன் கசிகிறது?

தென்காசியில் ஒரு பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்பை ஐந்தருவிக்கு அழைத்துப் போகத் தலைமையாசிரியர் முடிவு செய்கிறார். வெள்ளி மாலை வரை மாணவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது அவர் எண்ணம். ஆனால் வண்டி பேச, புளியோதரை கிளற, கணக்கு எழுத என்று பத்துப் பேரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. புதன்கிழமையே வகுப்பில் துண்டு, எண்ணெய் என்று ஒரே பேச்சு! யார் சொல்லியிருப்பார்கள்?

ஆளைத் தேடுமுன் ஒரு கணக்குப் போடுவோம். ஒவ்வொருவரும் ரகசியம் காக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 99 என்று கொள்வோம். இருவரும் காக்கும் வாய்ப்பு 0.99 × 0.99. பத்துப் பேருக்கு 0.99-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.90. நூறு பேர் என்றால் வெறும் 0.37தான்! எல்லாரும் நல்லவர்களாக இருந்தும், ரகசியம் கசியவே வாய்ப்பு அதிகம்.

அரசாங்கத்துக்கும் இதே தொல்லைதான். வரி உயரப்போவது முன்பே தெரிந்தால் சிலர் சரக்கைப் பதுக்கி லாபம் அடிப்பார்கள். அதனால் பட்ஜெட் ரகசியமாகத் தயாராகிறது. ஆயினும் 1950-இல், குடியரசுத் தலைவர் மாளிகையில் அச்சான பட்ஜெட்டின் ஒரு பகுதி வெளியே கசிந்தது. அச்சு வேலை மின்டோ சாலைக்கு மாறியது. 1980-இல் நிதி அமைச்சகக் கட்டடத்தின் நிலவறைக்கே வந்தது. பட்ஜெட் உரை முடியும்வரை ஊழியர்கள் பல நாள் வீட்டுக்குப் போகாமல் உள்ளேயே தங்கினார்கள். 2021-இல் பட்ஜெட் அச்சடிக்கப்படாமல் மின்னணு வடிவில் வந்தது.

பூட்டு மட்டும் போதுமா? 1947 நவம்பரில் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஹியூ டால்டன், உரையாற்றச் செல்லும் வழியில் ஒரு நிருபரிடம் வரி விவரத்தைச் சொல்லிவிட்டார். உரை முடியுமுன்பே அது பத்திரிகையில் வந்துவிட்டது! அவர் பதவி விலகினார்.

ஆகவே, அறிந்தவர் தொகையும் காக்கும் காலமும் குறைய வேண்டும். காக்கும் ரகசியங்களும் குறைய வேண்டும். எல்லாத் தாளிலும் 'ரகசியம்' என்று முத்திரை குத்தினால், எல்லாவற்றையும் காக்க ஏராளமானவர்கள் வேண்டுமே! தவிர, அரசின் தவறுகளும் அந்த முத்திரைக்குள் ஒளிந்துகொள்ளும். மக்கள் கேட்டறியும் உரிமையை 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தந்திருக்கிறது.

இப்போது நீங்களே கணக்கிடுங்கள்: ஒவ்வொருவரும் காக்கும் வாய்ப்பு 0.9 என்றால், எத்தனை பேரில் ரகசியம் பாதிக்குக் கீழே இறங்கும்?