தேள்கொடுக்கும் கல்லீரலும்

பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடைப்பட்ட நெமிலிச்சேரியில், வெயில் ஏற ஏற நீர் வற்றிப் பின்வாங்கும் ஏரியின் ஈரக்கரையிலும், இன்னும் வீடு எழும்பாத மனைகளின் ஓரங்களிலும், ஒருவரும் விதைக்காமலே முளைத்து நிற்பது தேள்கொடுக்குச் செடி. தண்டெங்கும் சொரசொரப்பான ரோமம். சுருக்கங்கள் ஓடிய அகன்ற இலை. நுனியில் தேளின் வாலைப்போல் சுருண்ட பூங்கொத்து. அச்சுருளின் முதுகில் இரண்டு வரிசையாக அமைந்த சிறு பூக்கள் அடியிலிருந்து முறையே மலர, மலர மலரச் சுருளும் அவிழ்ந்து நிமிர்ந்துகொண்டே வருவதால், அடியில் காய் முற்றிய பின்பும் நுனியில் மொட்டுகள் சுருண்டே கிடக்கக் காணலாம்.

ஹெலியோட்ரோப்பியம் இண்டிகம் என்று 1753-இல் லின்னேயஸ் பெயரிட்ட இச்செடி, ஐரோப்பியர் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் பல நூற்றாண்டுகளாக அரைத்துக் கட்டிவந்த காம்ஃப்ரி என்னும் மூலிகையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே காம்ஃப்ரி வேருக்கு இருந்த மதிப்பு இங்கே தேள்கொடுக்கின் இலைக்கு இருந்தது. தேள்கடிக்கும் கட்டிக்கும் ஆறாத புண்ணுக்கும் நம் பாட்டிமார் அதை அரைத்துப் பற்றுப் போட்டார்கள். காம்ஃப்ரியில் உள்ள அலன்டாயின் புதுத்தோல் வளரத் துணை செய்வது. தேள்கொடுக்கின் சாரம் எலிகளின் புண்ணை விரைந்து ஆற்றியதையும் நம் நாட்டு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். முன்னோரின் பிரயோகத்தை மூடநம்பிக்கை என்று தள்ளுவது அநியாயம்.

அதே முன்னோரின் பெயரைச் சொல்லி, இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாம் என்று யாரேனும் கூறினால் மட்டும் உறுதியாக மறுக்க வேண்டும். இவ்விரு செடிகளிலும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்னும் நச்சுப் பொருள்கள் உள்ளன. அவை வாய்க்குள் போகும்போதே தீங்கு செய்வதில்லை; நச்சை முறிக்க வேண்டிய கல்லீரலே தன் நொதிகளால் அவற்றை மாற்ற முற்பட்டு, முன்னிலும் கொடிய பொருளாக ஆக்கிவிடுகிறது. அப்பொருள் கல்லீரலின் நுண்ணிய இரத்த நாளங்களின் உட்சுவரைச் சிதைக்க, நாளங்கள் அடைபட்டு, வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. இவ்விளைவு தோன்றச் சில சமயம் வாரங்களும் மாதங்களும் ஆகும். தின்ற அன்றே வாந்தி வரச் செய்யும் இலையை ஊரார் அனுபவத்தால் விலக்கினார்கள். ஐப்பசியில் குடித்த கஷாயத்தையும் மாசியில் வீங்கிய வயிற்றையும் சேர்த்துப் பார்ப்பது எத்தனை கூர்மையான வைத்தியருக்கும் அரிது. பரம்பரை அறிவு தவறும் இடம் இது ஒன்றே என்பது என் எண்ணம்.

1975-இல் அந்நாளைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில், சாமைத் தானியத்தோடு கலந்துவிட்ட கிலுகிலுப்பை இனத்து விதைகளிலிருந்து இதே வகை ஆல்கலாய்டுகள் உணவில் சேர்ந்து, நோயுற்ற 67 பேரில் 28 பேர் மாண்டனர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001-இல் காம்ஃப்ரி கலந்த உட்கொள்ளும் தயாரிப்புகளைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. தேள்கொடுக்கிலிருந்து பிரித்த இண்டிசின் என்-ஆக்ஸைடு என்னும் பொருள் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக அந்நாட்டில் சோதிக்கப்பட்டு, சிறிது நம்பிக்கை தந்தும், கல்லீரலைக் கெடுத்தமையால் மேற்கொண்டு வளரவில்லை.

மனிதனுக்கு விஷமான இப்பொருளையே வரியன் இனத்து ஆண் வண்ணத்துப்பூச்சிகள் நாடி வருவது அதிசயிக்கத்தக்கது. வாடி உலர்ந்த தேள்கொடுக்கின் தண்டில் அவை கூட்டமாக அமர்ந்து உறிஞ்சி, அதைப் பெண்பூச்சியைக் கவரும் வாசனையாக மாற்றிக்கொள்கின்றன. பறவைகள் தின்ன விரும்பாத கசப்பையும் உடலில் ஏற்றிக்கொள்கின்றன.

அவற்றிற்காகவேனும் இச்செடியைத் தோட்டத்தின் ஈரமான மூலையில் விட்டுவைக்கலாம். விதை தானாக உதிர்ந்து முளைக்கும். பற்றுப் போடுவதானால் கீறலில்லாத தோலில், சில நாட்களுக்கு மட்டும் போதும். திறந்த புண்ணின் வழியே நஞ்சு உள்ளே செல்லக்கூடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குழந்தைகளும் அதையும் தவிர்க்க வேண்டும். தேள் கொட்டினால் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். கீரைப் பாத்தியில் முளைத்திருந்தால் இளங்கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுவது நல்லது. கைநிறையக் கீரை பறிக்கும்போது கூடவே வந்துவிடும் இரண்டொரு இலைகளை அடுப்பின் சூடு முறித்துவிடும் என்று நம்புவதற்கில்லை.