502, 503, 504: பட்டாசு விலைப்பட்டியல் திறக்காதபோது

தீபாவளி நெருங்கும் வாரங்களில் சிவகாசி பட்டாசுக் கடைகளின் இணையதளங்களில் மூன்று எண்கள் தலைகாட்டுவதுண்டு: 502, 503, 504. வெள்ளைப் பக்கத்தில் ‘பேட் கேட்வே’, ‘சர்வீஸ் அன்அவெயிலபிள்’, ‘கேட்வே டைம் அவுட்’ என ஆங்கிலத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். வாடிக்கையாளர் கடைக்கு போன் போடுவார். கடைக்காரர் சைட் செய்து கொடுத்தவரைக் கூப்பிடுவார். அவர் சர்வரை ரீஸ்டார்ட் செய்வார். கொஞ்ச நேரம் ஓடும், பிறகு மறுபடி அதே பக்கம். ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு இடத்தைக் காட்டுகிறது. அதைப் படிக்காமல் ரீஸ்டார்ட் செய்வது, நோயைக் கேட்காமல் ஊசி போடுகிற வேலை.

இந்தத் தளங்களின் அமைப்பே சற்று வித்தியாசமானது. 2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், மின்வணிகத் தளங்கள் பட்டாசுகளை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அதன் பிறகு சிவகாசி, சாத்தூர் வட்டாரக் கடைகள் பலவற்றின் தளங்கள் விலைப்பட்டியலாகவும் விசாரணைப் படிவமாகவும் இயங்குகின்றன. பிஜிலி, லட்சுமி வெடி, தரைச்சக்கரம், பூச்சட்டி, கம்பி மத்தாப்பு, ராக்கெட் என ஒரே பக்கத்தில் பட்டியல் நீளும். எதிரில் உள்ள கட்டத்தில் எத்தனை பெட்டி என்று போட்டால் கூட்டுத்தொகை கீழே மாறும். கடைசியில் பெயரும் போன் நம்பரும் கொடுத்து ‘எஸ்டிமேட்’ அனுப்ப வேண்டும். மற்றதைக் கடைக்காரர் போனில் பேசிக்கொள்வார். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு படம் என்பதால், ஒருவர் பக்கத்தைத் திறந்தாலே சர்வருக்கு நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் போய்ச் சேரும். ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டுத் தொடங்கும் வியாபாரம், போனஸ் கைக்கு வரும் நாட்களில் உச்சத்தைத் தொடும். ஒரு விளம்பர வீடியோ பரவினால் போதும், சில நிமிடங்களில் கூட்டம் பல மடங்காகும்.

இந்தக் கூட்டத்தை ஒரு சர்வர் தாங்காது என்பதால் இரண்டு மூன்று சர்வர்களை வைத்து, முன்னால் ஒரு லோட் பேலன்சரை நிறுத்துகிறார்கள். கல்யாணப் பந்தியில் எந்த வரிசையில் இலை காலியாக இருக்கிறது என்று பார்த்து ஆட்களை உட்கார வைப்பவர் செய்யும் வேலைதான் அதனுடையது. அமேசான் போன்ற கிளவுட் நிறுவனங்கள் இதை வாடகைச் சேவையாகத் தருகின்றன. எஞ்சின்எக்ஸ், ஹெச்ஏபிராக்ஸி போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு சொந்தமாகவும் அமைக்கலாம்.

லோட் பேலன்சர் வந்ததும் ஒரே இணைப்பாக இருந்தது இரண்டாகிறது. வாடிக்கையாளரின் பிரவுசரிலிருந்து லோட் பேலன்சர் வரை ஒன்று, அங்கிருந்து பின்னால் உள்ள சர்வர் வரை இன்னொன்று. கோளாறு தேடுவதில் முதல் கேள்வி, இந்த இரண்டில் எது அறுந்தது என்பதுதான். ‘இந்தத் தளத்தை அடைய முடியவில்லை’ என்று பிரவுசரே சொன்னால் முதல் இணைப்பில் சிக்கல்: டொமைன் பெயர் காலாவதியாகியிருக்கலாம், டி.என்.எஸ். பதிவு தவறாக இருக்கலாம், லோட் பேலன்சரே படுத்திருக்கலாம். 502, 503, 504 ஆகியவை பெரும்பாலும் லோட் பேலன்சர் பேசும் பேச்சு. பின்னால் உள்ள சர்வர் பதில் சொல்லாமல் பாதியில் இணைப்பைத் துண்டித்தாலோ, புரியாத பதில் தந்தாலோ 502. வேலைக்கு ஆள் இல்லை என்றால் 503. குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் 504. இதற்கு மாறாக 500 வந்தால், சர்வர் உயிரோடுதான் இருக்கிறது. அதில் ஓடும் புரோகிராம் இடறி விழுந்திருக்கிறது, லோட் பேலன்சர் அந்தச் செய்தியை அப்படியே கடத்துகிறது.

எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. பின்னால் உள்ள எல்லா சர்வர்களும் நலமில்லை என்று முடிவாகிவிட்டால் ஹெச்ஏபிராக்ஸி 503 காட்டும். அதே நிலைமைக்கு எஞ்சின்எக்ஸ் 502 காட்டி, ‘உயிருள்ள சர்வர் எதுவும் இல்லை’ என்று தன் லாக்கில், அதாவது செயல்பாட்டுப் பதிவேட்டில், எழுதிவைக்கும். அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சரோ, எல்லாமே நலமில்லை என்றால் வேறு வழியின்றி எல்லாவற்றுக்கும் கோரிக்கைகளை அனுப்பிப் பார்க்கும். ஆகவே முன்னால் நிற்பது எந்த லோட் பேலன்சர் என்று தெரிந்த பிறகுதான் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியும்.

அடுத்து பார்க்க வேண்டியது லாக். அமேசான் லோட் பேலன்சரின் லாக் வரியில் இரண்டு எண்கள் அருகருகே இருக்கும்: வாடிக்கையாளருக்கு லோட் பேலன்சர் சொன்னது ஒன்று, சர்வர் லோட் பேலன்சருக்குச் சொன்னது இன்னொன்று. ‘502 502’ என்றிருந்தால் அந்த 502 சர்வர் பக்கத்திலிருந்தே வந்தது. ‘502 -’ என்று ஒரு சிறு கோடு இருந்தால் சர்வரிடமிருந்து முறையான பதில் எதுவும் வரவில்லை. பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும் இந்தக் கோட்டைப் பார்க்காமலேயே பலர் புரோகிராமை மாற்றி எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பிறகு லோட் பேலன்சரைத் தாண்டி, உள் வலையமைப்பிலிருந்தே ஒவ்வொரு சர்வரையும் நேரடியாகக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். ‘கர்ல்’ என்ற சிறு கட்டளை போதும். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று உடனே பதில் வந்தால் மெஷின் ஓடுகிறது, அந்தப் போர்ட்டில் கேட்க எந்த மென்பொருளும் இல்லை. பதிலே வராமல் நேரம் கடந்துபோனால் சந்தேகம் ஃபயர்வால் மீது விழ வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு கோரிக்கைகள் மட்டும் 502 ஆவதுண்டு. கூட்டம் குறைந்த பின்னிரவில்கூட இது வரும். சுமைக்கும் இதற்கும் சம்பந்தமே இராது. காரணம் இரண்டு கடிகாரங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு போடுவது வீண் என்பதால், லோட் பேலன்சர் சர்வருடனான இணைப்பைத் திறந்தே வைத்திருந்து மறுபடி பயன்படுத்தும். சும்மா இருக்கும் இணைப்பை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று இரு பக்கமும் தனித்தனிக் கணக்கு உண்டு. அமேசான் லோட் பேலன்சரின் இயல்பு அளவு 60 விநாடி. அப்பாச்சி சர்வரில் அது வெறும் 5 விநாடி. ஐந்தாவது விநாடியில் அப்பாச்சி இணைப்பை மூடுகிறது. அந்தச் செய்தி வந்து சேர்வதற்குள் லோட் பேலன்சர் அதே இணைப்பில் அடுத்த கோரிக்கையை அனுப்பியிருந்தால், மூடிய கதவில் மோதி 502 பிறக்கிறது. சர்வரின் கணக்கை லோட் பேலன்சரைவிடக் கூடுதலாக, 65 அல்லது 75 விநாடியாக வைத்தால் தீர்ந்தது. ஒரு வரி மாற்றம்தான். இது தெரியாமல் வாடகைக்குப் பெரிய சர்வர் எடுத்துக் காசைக் கரைத்தவர்கள் உண்டு.

503 பெரும்பாலும் நலச் சோதனையில் தொடங்கும். சர்வர் ஒழுங்காக இருக்கிறதா என்று லோட் பேலன்சர் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு பக்கத்தைக் கேட்டுப் பார்க்கிறது. அமேசானின் இயல்பு அமைப்பில் 30 விநாடிக்கு ஒரு முறை. தொடர்ந்து 2 முறை தவறினால் அந்த சர்வருக்கு ஆள் அனுப்புவது நிற்கும். மறுபடி சேர 5 முறை தேற வேண்டும், அதாவது இரண்டரை நிமிடம் ஆகும். எஞ்சின்எக்ஸ் இன்னும் கறார்: சர்வர்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால், ஒரே ஒரு தவறுக்கு 10 விநாடி ஒதுக்கிவைத்துவிடும். சோதனைக்கு எந்தப் பக்கத்தைக் கொடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கனமான விலைப்பட்டியல் பக்கத்தையே கொடுத்துவிட்டால், கூட்ட நேரத்தில் அது தாமதமாகும். நல்ல சர்வரும் தேறாது. ஒன்று வெளியேறினால் அதன் சுமை மற்ற இரண்டின் தலையில் விழும், அவையும் தேறாது. சில நிமிடங்களில் மூன்றும் வெளியே. சோதனைப் பக்கம் டேட்டாபேஸைத் தொடாத சின்னஞ்சிறு பக்கமாக இருப்பதே நல்லது.

504 வந்தால் பெரும்பாலும் டேட்டாபேஸ் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பு அமைப்பில் ஒரே நேரத்தில் 151 இணைப்புகளுக்குத்தான் இடம். மூன்று சர்வர்கள் ஆளுக்கு 60 இணைப்பு கேட்டால் 180. மிச்சம் 29-க்கு இடம் இல்லை; அவை பிழையாகவோ காத்திருப்பாகவோ மாறும். ‘இன்னொரு சர்வர் போடலாம்’ என்று நான்காவதைச் சேர்த்தால் நிலைமை மோசமாகும். உண்மையில் பட்டாசு விலைப்பட்டியலுக்கு இத்தனை டேட்டாபேஸ் வேலையே தேவையில்லை. நிமிடத்துக்கு ஒரு முறை விலை மாறும் சரக்கு அல்ல அது. பக்கத்தை ஒரு முறை தயாரித்துச் சேமித்துவைத்து, படங்களை வேறு சர்வர்களிலிருந்து பரிமாறும் சி.டி.என். சேவைக்கு மாற்றிவிட்டால், சர்வருக்கு வருவது எஸ்டிமேட் படிவங்கள் மட்டுமே. சிவகாசித் தளங்களின் பருவகாலத் திணறலுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

திடீரென்று ஒட்டுமொத்தமும் நின்றுபோகும் கோளாறு ஒன்றும் உண்டு. லோட் பேலன்சருக்குப் பின்னால் இருக்கும் சர்வருக்கு எல்லாக் கோரிக்கையும் ஒரே முகவரியிலிருந்து, அதாவது லோட் பேலன்சரிடமிருந்து வருவதாகவே தெரியும். அளவுக்கு மீறிக் கேட்கும் முகவரியைத் தடுக்கும் பாதுகாப்பு மென்பொருள் சர்வரில் இருந்தால், யாரோ தாக்குகிறார்கள் என்று நினைத்து லோட் பேலன்சரையே தடுத்துவிடும். உண்மையான முகவரி ‘எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார்’ என்ற தலைப்பு வரியில் வரும். அதைப் படிக்கும்படி சர்வரைப் பழக்க வேண்டும்.

பெரிய தளங்களும் இந்த நெருக்கடிக்குத் தப்பவில்லை. 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயது கடந்தவர்களுக்கான கொரோனா தடுப்பூசிப் பதிவு தொடங்கியதும் கோவின் தளம் தடுமாறியது, அன்றே 1.3 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் காலையில் தேர்வு முடிவுத் தளங்களை, சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டம் முழுக்கத் திறந்து பார்க்கும்.  அரசுத் தளங்களுக்காவது நாளும் மணியும் முன்கூட்டியே தெரியும். வீடியோ எப்போது பரவும் என்று கடைக்காரருக்குத் தெரியாது.

கூட்ட நேரத்தில் பிழைப் பக்கத்தைப் பார்த்தவர்கள் உடனே ரெஃப்ரெஷ் செய்வதும் சுமையைக் கூட்டுகிறது. பாதியில் விட்ட பழைய கோரிக்கையைப் பல சர்வர்கள் அறியாமல் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும். புதியதும் அதன் மேல் வந்து சேரும். 503 பதிலோடு ‘இத்தனை விநாடி கழித்து வரவும்’ என்று சொல்ல ‘ரீட்ரை ஆஃப்டர்’ என்ற தலைப்பு வரி உண்டு. அது நிரல்களுக்கு உதவும். மனிதர்களுக்கு, பிழைப் பக்கத்தில் கடையின் போன் நம்பரைத் தமிழில் போட்டுவைப்பதே மேல்.

கடைசியாக ஒன்றைச் செய்துவைக்க வேண்டும். கூட்டத்துக்கேற்ப சர்வர்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பில், நீக்கப்படும் சர்வரோடு அதன் லாக்கும் அழிந்துபோகும். அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சரும், கேட்டு இயக்கினாலொழியக் கோரிக்கை லாக்கைச் சேமிப்பதில்லை. இரண்டையும் வெளியே ஓர் இடத்தில் சேமிக்கும் ஏற்பாட்டை ஆடிப் பதினெட்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஐப்பசியில் தளம் விழுந்த பிறகு லாக்கை இயக்கினால், விழுந்த நேரத்துக் கணக்கு கிடைக்காது.