எழுத்தில் வளர்ந்தோம் என்பதை எவ்வாறு அறிவது?

பருவம் முடியும் நேரத்தில், எழுத்துப் பயிற்சி தரும் பாடங்களில், ஆசிரியர் சிலர் கடைசியாக ஒரு கட்டுரை கேட்பதுண்டு. அதற்காக நூலகம் செல்ல வேண்டியதில்லை. புத்தகம் புரட்ட வேண்டியதில்லை. “இப்பருவத்தில் எழுதுவோர் என்ற முறையில் நீங்கள் எவ்வாறு வளர்ந்தீர்கள்?” என்பதே தலைப்பு. எளிய வேலை என்று மாணவர் மகிழ்வர்; ஓர் இரவில் முடித்தும் விடுவர். “தொடக்கத்தில் எழுதுவதற்கு அஞ்சினேன், இன்று அச்சம் இல்லை, ஆசிரியருக்கு நன்றி” என்பதே மூன்று பக்கங்களுக்கு நீளும். பெயரை மட்டும் மாற்றினால் அக்கட்டுரை வகுப்பில் யாருக்கும் பொருந்தும். அப்படியானால் அதில் எழுதியவர் எங்கே இருக்கிறார்?

இக்கட்டுரையை ஆசிரியர்கள் ஏன் கேட்கின்றனர், அதனை எவ்வாறு எழுதுவது, தமிழ்நாட்டுக்கு வெளியே பயிலும் நமக்கு அதனால் தனிப்பட்ட பயன் உண்டா என்பவற்றை இங்கே காண்போம்.

நெடுங்காலம் வரை, எழுதி முடித்த தாளை மட்டுமே ஆசிரியர் கண்டார். பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, மதிப்பெண் இட்டுத் திருப்பித் தந்தார். மாணவர் அந்தத் தாளுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்பார் அரியர். அமெரிக்க நாட்டில் 1970-களில் இக்கேள்வி வலுப்பெற்றது. ஜேனட் எமிக் என்னும் அறிஞர், சிகாகோ வட்டாரத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற மாணவர் எண்மரை, நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் செய்து ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1971-இல் வெளிவந்தது. எழுத்தை முடிந்துபோன பொருளாக அன்றி, நிகழ்ந்து கொண்டிருக்கும் செயலாகக் கற்பிக்க வேண்டும் என்று 1972-இல் டொனால்டு மர்ரே வாதிட்டார்.

1980-இல் நான்சி சாமர்ஸ் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிகவும் பயன்படுவது. முதலாண்டு மாணவர் இருபதின்மரையும், எழுத்தில் பழகிய பெரியவர் இருபதின்மரையும் அவர் ஒப்பிட்டார். திருத்தி எழுதச் சொன்னபோது, மாணவர்கள் பெரும்பாலும் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லை வைத்தனர். பழகியவர்களோ தம் கருத்தின் வடிவத்தையே மாற்றினர். படிப்பவர் எங்கே இடறுவார் என்று எண்ணிப் பார்த்தனர். முன்னவர் சொல்லைத் திருத்தினர். பின்னவர் சொல்ல வந்ததையே திருத்தினர்.

அதே 1980-களில், ஸ்டோனி புரூக்கில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் எல்போ, பாட் பெலனாஃப் என்னும் இருவர் புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தனர். ஒருமுறை உட்கார்ந்து எழுதும் தகுதித் தேர்வுக்கு மாறாக, பருவம் முழுதும் எழுதித் திருத்திய கட்டுரைகளின் தொகுப்பை மதிப்பிடுவது அம்முறை. அக்கட்டுரைகள் எவ்வாறு உருவாயின, யார் உதவினர் என்று மாணவரே விளக்கும் சிறு குறிப்பும் உடன் வைக்கப்பட்டது. 1986-இல் அவர்கள் இதனைப் பற்றி எழுதிய பின், இத்தகைய தொகுப்பு பல கல்லூரிகளுக்கும் பரவியது. இன்று நம்மிடம் கேட்கப்படும் “வளர்ச்சிக் கட்டுரை” இந்த வழியில் வந்ததே.

இனி நம் நிலைக்கு வருவோம். நம் சங்கத்தில் இரு வகை மாணவர் உளர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் பயின்று, இங்கு வந்த பின் ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தவர் ஒரு வகை. வடநாட்டு நகரங்களில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் தமிழ் எழுதிப் பழகாதவர் மற்றொரு வகை. முதல் வகையினரை வளர்ச்சி பற்றி எழுதச் சொன்னால், “என் ஆங்கிலம் மோசமாக இருந்தது, இப்போது சற்றுத் தேறியது” என்று முடித்துவிடுவர். மொழிப்பிழை வேறு, எழுத்துப்பிழை வேறு என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. ஆங்கிலத்தில் வினைச்சொல் தவறியதற்காகத் தாம் எழுதவே தெரியாதவர் என்று தம்மையே தாழ்த்திக்கொண்டு, பேனாவை மூடிவைத்தவரும் உண்டு. இது பெரிய இழப்பு.

இவ்விரண்டையும் பிரித்துக் காண நமக்கு அளவுகோல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து எனக் கூறுகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்திருப்போம். அப்பத்தில், வழுவுள்ள சொல்லைச் சேர்த்தல் என்பது ஒன்றே ஒன்று. மற்ற ஒன்பதும் சொல்லும் முறையைப் பற்றியவை: வேண்டியதைக் குறைத்துச் சொல்லுதல், மிகைப்படுத்துதல், சொன்னதையே சொல்லுதல், முன்னுக்குப் பின் முரணுதல், ஐயம் தோன்ற எழுதுதல், வெறுஞ்சொற்களை அடுக்குதல், எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்தல், போகப் போகத் தேய்ந்து முடிதல், பயனின்றி நிற்றல். இந்த ஒன்பதும் எம்மொழியில் எழுதினாலும் குற்றமே. அவற்றை ஒருவர் தமிழில் களைந்திருந்தால், அத்திறமை அவரோடு ஆங்கிலத்துக்கும் வரும். களையாதவருக்கு, இலக்கணப் பிழையற்ற ஆங்கிலம் வாய்த்தாலும் கட்டுரை நன்றாகாது.

ஓர் எடுத்துக்காட்டு. யமுனையின் மாசு பற்றி ஒரு மாணவி கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதற்படியில் ஆற்றங்கரை நாகரிகங்கள் ஒரு பத்தி, ஆறுகளின் புனிதம் ஒரு பத்தி, மக்கள்தொகைப் பெருக்கம் ஒரு பத்தி. நான்காம் பத்தியில்தான் பொருள் வருகிறது: 1,376 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றில், டில்லியில் வசீராபாத்துக்கும் ஓக்லாவுக்கும் இடைப்பட்ட 22 கிலோமீட்டரில்தான் மாசின் பெரும்பகுதி சேர்கிறது. இரண்டாம் படியில் இச்செய்தி முதல் வாக்கியத்துக்கு வந்துவிடுகிறது. முந்திய மூன்று பத்திகளும் போய்விடுகின்றன.

பருவ முடிவில் அவர், “என் எழுத்து மேம்பட்டது” என்று எழுதினால் அதனால் பயன் இல்லை. “முதற்படியில் மூன்று பத்திகள் மற்றொன்றை விரித்தேன். பொருளை நேரே தொட எனக்குத் துணிவில்லை. ஆகவே பொதுச் செய்திகளுக்குப் பின்னால் நின்றேன். இரண்டாம் படியில் அவற்றை நீக்கினேன். ஆயினும் முடிவுரை இன்னும் தேய்ந்தே முடிகிறது” என்று எழுதினால் அது கட்டுரை. அதில் சான்று இருக்கிறது, காரணம் இருக்கிறது, எஞ்சிய குறையும் இருக்கிறது. அடுத்த கட்டுரையை எங்கே தொடங்குவது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

ஓர் ஐயம் எழலாம். மதிப்பெண் இடுபவரிடம் நம் குறையை நாமே சொல்லலாமா? இந்த அச்சத்தால்தான் பலர் ஆசிரியர் கேட்க விரும்புவதாகத் தாம் எண்ணுவதை எழுதித் தருகின்றனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1997-இல் சேர்ந்த மாணவர் 400 பேருக்கு மேற்பட்டோரை நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அவர்களின் முதலாண்டைப் பற்றி 2004-இல் வெளிவந்த கட்டுரை, தம்மைப் புதியவர் என்று ஒப்புக்கொண்டு, மதிப்பெண்ணுக்கு அப்பால் எழுத்தில் ஒரு நோக்கத்தைக் கண்டவர்களே நன்கு முன்னேறினர் என்கிறது. தம் குறையைக் குறிப்பிட்டுச் சொல்லத் தெரிந்தவரை நல்லாசிரியர் குறைவாக எண்ணமாட்டார்.

மறுபக்கமும் உண்டு. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று கற்றுவந்த நமக்கு, வளர்ந்தோம் என்று சொல்லவே நாணம். அதனைத் தகாது என்ற நன்னூலே, தன் ஆற்றலை அறியாதாரிடம் எடுத்துரைப்பது குற்றமாகாது என விலக்கும் தருகிறது. வகுப்பில் அறுபது பேர் இருக்கையில், நீங்கள் மூன்று பத்திகளை நீக்கிய உழைப்பை ஆசிரியர் எவ்வாறு அறிவார்? அதனைச் சொல்லுதல் தற்புகழ்ச்சி ஆகாது.

இன்று கணினியிடம் கேட்டால், வளர்ச்சிக் கட்டுரையை அரை நிமிடத்தில் எழுதித் தருகிறது. மேலே கண்ட, யாருக்கும் பொருந்தும் கட்டுரையை அது மிக நன்றாகவே எழுதும். நீங்கள் எந்தப் பத்தியை ஏன் நீக்கினீர்கள் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பழைய படிகளை அழிக்காமல் நாளிட்டு வைத்தல். கணினியில் எழுதுவோர் முதற்படியின் மேலேயே திருத்தி அதனை இழந்துவிடுகின்றனர். வேறு பெயரில் ஒரு நகல் வைத்தால் போதும். இரண்டாவது, வளர்ச்சிக் கட்டுரையை முதலில் தமிழில் எழுதிப் பார்த்தல். சிந்தனை தடையின்றி வரும். பிறகு ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம். தமிழ் எழுதிப் பழகாத நண்பர்களுக்கும் இது நல்ல தொடக்கம். தம்மைப் பற்றி எழுதத் தம்மைவிடத் தெரிந்தவர் வேறு யார்?

மூன்றாவது, ஒருவர் கட்டுரையை மற்றொருவர் படித்தல். நூலுக்குச் சிறப்புப்பாயிரம் சொல்லத் தக்கவருள், ஆசிரியரோடும் மாணாக்கரோடும், உடன் கற்றவரையும் சேர்த்தே நன்னூல் வைத்தது. நம் எழுத்து மாறியதை நமக்கு முன்பே உடன் பயில்பவர் கண்டுகொள்வார். இருவர் இருவராக அமர்ந்து, முதற்படியையும் கடைசிப்படியையும் அருகருகே வைத்துப் படிக்க, பருவத் தேர்வுக்கு முன் ஒரு மாலைப்பொழுது போதும். நம் சங்கம் இதற்கு ஏற்பாடு செய்தால், மேடையில் நிகழும் சொற்பொழிவுகளைவிட அது பலருக்குப் பயன்படும்.